முந்நூறு பேரும் விடுபட்டவர்களும்

கிரேக்கத்தின் தெர்மோபைலே கணவாயில் பாரசீகப் படையை எதிர்த்து நின்ற முந்நூறு ஸ்பார்ட்டர்களைப் பற்றி ஸாக் ஸ்னைடர் இயக்கிய ‘300’ 2007 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவுக்கு வந்தது. பத்திரிகையாளர் காட்சியில் சிலர் பாதியில் எழுந்து போனதாகவும், சிலர் கூச்சலிட்டு எதிர்ப்பைக் காட்டியதாகவும் செய்திகள் வந்தன. பொதுமக்களுக்கான காட்சியில் அதே படத்துக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். மார்ச் 9 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியானபோது முதல் வார இறுதியிலேயே சுமார் 7 கோடி டாலர் வசூலானது. ஏறத்தாழ 6.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகெங்கும் 45 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதே மாதத்தில் ஈரானிய நாளிதழ் ஒன்று, ஹாலிவுட் ஈரானியர்கள் மீது போர் தொடுத்துவிட்டது என்று தலைப்புப் போட்டது.

கருத்துகள் இரண்டுபடும் படங்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. இந்தப் படத்தின் விஷயத்தில் பார்வையாளர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்வதுபோலத் தெரிந்தாலும் ஒவ்வொருவரும் பேசியது வேறொன்றைப் பற்றி. ரசிகர் ஒளியையும் நிறத்தையும் பேசினார். ஈரானியர் தம் முன்னோரின் முகத்தைப் பற்றிப் பேசினார். வரலாற்றாசிரியர் ஆதாரங்களைப் பற்றிப் பேசினார். பல ஆண்டுகள் கழிந்த பிறகு இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. படம் கற்பனை செய்தது குற்றமில்லை. அந்தக் கற்பனை யாருக்குப் பெருமை சேர்த்தது, யாரை இல்லாமலே ஆக்கியது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் கைதட்டியவர்களின் பக்கம். அவர்களை ரத்தவெறியர்கள் என்று ஒதுக்கிவிட்ட விமர்சகர்கள் படத்தின் உழைப்பைப் பார்க்கத் தவறினார்கள் என்றே நினைக்கிறேன். ஃபிராங்க் மில்லர் 1998-இல் வரைந்து, லின் வார்லி வண்ணம் தீட்டிய சித்திரக்கதைதான் மூலம். அதில் ஒவ்வொரு காட்சியும் இரண்டு பக்கங்களில் விரிந்து கிடக்கும். தொகுப்பு நூலும் குறுக்கே நீண்ட வடிவத்தில்தான் வந்தது. ஸ்னைடர் அந்த நீளத்தை அப்படியே அகலத்திரைக்கு எடுத்துக்கொண்டார். மாண்ட்ரியல் நகரத்து அரங்குக்குள் நீலத் திரைகளுக்கு முன்னால் நடிகர்களை நிறுத்திச் சுமார் 60 நாட்களில் படம்பிடித்தார்கள். திறந்தவெளியில் எடுத்தது என்று சொல்ல, பாரசீகத் தூதர்கள் குதிரையில் வரும் காட்சிதான் உண்டு. வானம், கடல், பாறை எல்லாம் பிறகு கணினியில் வந்தவை. கறுப்பை இன்னும் கறுப்பாக்கி, மற்ற நிறங்களைத் தாமிரமும் இரும்பும் கலந்த ஒரு சாயலுக்குள் அடக்கினார்கள். அங்கியின் சிவப்பை மட்டும் தனியே எரியவிட்டார்கள்.

முதல் நாள் சண்டையில் ஸ்பார்ட்டா அரசன் லியோனிடஸ் அணிவகுப்பிலிருந்து விலகி முன்னேறும் காட்சி இதற்குச் சரியான சாட்சி. அவராக நடிக்கும் ஜெரார்ட் பட்லர் திரையின் இடமிருந்து வலமாக நகர்கிறார். ஈட்டி பாய்கிறது, கேடயம் மோதுகிறது, வாள் உருவப்படுகிறது. ஒரு நிமிடத்துக்கு மேலாகியும் வெட்டு விழுவதில்லை. வெவ்வேறு குவியத் தூரம் கொண்ட மூன்று லென்ஸ்களில் மூன்று கேமராக்கள் அதே கணத்தை அதிவேகத்தில் பதிவுசெய்தன. அவற்றைக் கணினியில் ஒன்றுக்குள் ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். அதனால் பார்வை சட்டென்று வீரனின் முகத்தருகே பாய்ந்து மறுகணம் விலகுகிறது. வேகமும் அப்படித்தான்: அடி விழும்வரை நிதானம், விழுந்ததும் பாய்ச்சல். யார் யாரை எங்கே குத்தினார் என்பது ஓர் இடத்தில்கூடக் குழம்பாது. கேமராவை உலுக்கி, துண்டு துண்டாக வெட்டிச் சண்டையைக் காட்டுவது வழக்கமாகிவிட்ட காலம் அது. ஓர் உடல் வெளியில் எப்படி இயங்குகிறது என்பதை இந்தப் படம் பார்வையாளருக்கு முழுசாகக் கொடுத்தது. கைதட்டலில் பெரும்பகுதி இதற்குத்தான் என்று நம்புகிறேன். அது நியாயமான கைதட்டல்.

அந்தப் பாணியிலேயே மூச்சுமுட்டியவர்களும் உண்டு. எல்லாக் கணமும் உச்சக் கணமாக இருந்தால் உச்சம் என்று ஒன்று இல்லாமல் போகிறது என்றார்கள். எல்லாரும் கத்திப் பேசுகிறார்கள், கண்ணுக்கு முன்னால் நடப்பதையே கதைசொல்லி மறுபடி விவரிக்கிறார் என்றார்கள். ரோஜர் ஈபர்ட் படத்துக்கு இரண்டு நட்சத்திரம் மட்டும் கொடுத்தார். இந்தக் குறைகளை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவற்றுக்காக யாரும் தெருவில் இறங்கவில்லை, யாரும் யுனெஸ்கோவுக்கு எழுதவில்லை.

ஈரானில் அதுதான் நடந்தது. நவ்ரூஸ் எனும் ஈரானியப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அணுத்திட்டத்துக்காக ஐ.நா. பாதுகாப்பு அவை 2006 டிசம்பரில் தடைகள் விதித்திருந்தது, 2007 மார்ச்சில் அவற்றை இன்னும் இறுக்கியது. போர் வருமோ என்று மக்கள் அஞ்சிக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் படம் வந்தது. அதிபர் அகமதிநெஜாதின் கலை ஆலோசகர் ஜவாத் ஷம்கத்ரி இதை உளவியல் போர் என்றார். ஈரானியக் கலை அகாதமி யுனெஸ்கோவிடம் புகார் கொடுத்தது. அரசாங்கம் அப்படித்தான் பேசும் என்று தள்ளிவிட முடியவில்லை. அந்த அரசாங்கத்தைப் பிடிக்காமல் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்காவில் வாழ்ந்த ஈரானியர்களும் அதே வேதனையோடு பேசினார்கள், கண்டனங்களில் கையெழுத்திட்டார்கள். பழைய பாரசீகத்தின் அகமனிசியப் பேரரசு அவர்களுக்கு மதத்துக்கும் ஆட்சிக்கும் அப்பாற்பட்ட பொதுச் சொத்து.

அவர்கள் திரையில் கண்டது என்ன? பெர்செபோலிஸ் அரண்மனைச் சிற்பங்களில் அரசன் நீண்ட சுருள் தாடியும் மடிப்பு மடிப்பான அங்கியுமாக நிதானமாக அமர்ந்திருப்பான். படத்தில் பாரசீக அரசன் செர்க்ஸீஸாக வந்தவர் பிரேசில் நடிகர் ரொட்ரிகோ சான்டோரோ. தலையும் முகமும் மழித்து, உடம்பெங்கும் பொன் வளையங்களும் சங்கிலிகளும் குத்தி, கணினியில் உயரத்தைக் கூட்டி, குரலையும் கனமாக்கியிருந்தார்கள். ‘அழிவற்றவர்கள்’ என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குறிப்பிடும் பத்தாயிரம் பேர் படைக்கு அந்தப் பெயர் வந்ததே, ஒருவர் விழுந்தால் உடனே இன்னொருவரைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்ததால்தான். சூசா அரண்மனையிலிருந்து எடுத்து இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் வண்ணச் செங்கல் சுவரில், பூவேலை செய்த நீண்ட அங்கியோடு, ஈட்டியை நிமிர்த்திப் பிடித்தபடி பாரசீக வில்வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். படத்தில் வெள்ளி முகமூடி கழன்றால் உள்ளே இருப்பது பேயின் முகம். பெர்செபோலிஸில் கிடைத்த களிமண் பலகைகளில் தொழிலாளர்களுக்கு அளந்த தானியக் கணக்கு இருக்கிறது. குழந்தை பெற்ற பெண்களுக்குக் கூடுதல் படி கொடுத்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு நிர்வாகத்தைச் சாட்டையடியும் கேளிக்கைக் கூடாரமுமாக மட்டும் காட்டினால் அந்த மக்களின் வாரிசுகளுக்கு வலிக்காதா?

பாரசீகம் கருணையின் உறைவிடம் என்று நான் சொல்லவரவில்லை. அது படையெடுத்து வந்த பேரரசு. செர்க்ஸீஸ் ஏதென்ஸை எரித்தான். தெர்மோபைலேயில் விழுந்த லியோனிடஸின் தலையைத் துண்டித்துக் கழுவேற்றினான் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பகைவனைப் பகைவனாகக் காட்ட எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அந்தப் போரில் வென்றவர்களே பகைவனை எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மராத்தான் போரில் பாரசீகருக்கு எதிராகப் போரிட்ட ஈஸ்கிலஸ், கிமு 472-இல் ‘பாரசீகர்கள்’ என்ற நாடகத்தை ஏதென்ஸில் அரங்கேற்றினார். கதை நடப்பது சூசாவில். மகனுக்காகக் காத்திருக்கும் பாரசீகத் தாய், மாண்டவர்களின் பெயர்களைச் சொல்லி அழும் முதியோர், கிழிந்த உடையோடு திரும்பும் செர்க்ஸீஸ் ஆகியோர் அதன் முக்கியப் பாத்திரங்கள். பார்த்தவர்கள், எட்டு ஆண்டுகளுக்கு முன்பு தங்கள் ஊரை அதே செர்க்ஸீஸுக்குப் பறிகொடுத்தவர்கள். அந்த நாடகம் அவ்வாண்டுப் போட்டியில் முதற்பரிசு பெற்றது. காயம் ஆறாத கிரேக்கரால் பகைவரின் துக்கத்தை உட்கார்ந்து பார்க்க முடிந்தது. 2,500 ஆண்டுகள் கழித்து, எந்தக் காயமும் இல்லாத ஒரு ஸ்டூடியோவுக்கு அது தோன்றவே இல்லை.

படத்தின் ஆதரவாளர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். இது வரலாறு இல்லை, சித்திரக்கதை. அதிலும் கதையைச் சொல்பவன் டிலியோஸ் என்கிற ஸ்பார்ட்டன். மறுநாள் போருக்குப் போகிற வீரர்களைச் சூடேற்ற, எதிரியை அரக்கனாகவும் தன் அரசனைத் தெய்வமாகவும் ஆக்கித்தானே அவன் சொல்வான்? வார்னர் பிரதர்ஸ் நிறுவனமும் இது கற்பனைப் படைப்பு, எந்த இனத்தையும் இழிவுபடுத்தும் நோக்கமில்லை என்று அறிக்கை விட்டது. பதில் புத்திசாலித்தனமானது. பாதிவரை சரியானதும்கூட. மிச்சப் பாதியில்தான் சிக்கல். ஒரு கதைசொல்லி மிகைப்படுத்துகிறான் என்று படம் உணர்த்த விரும்பினால், அவன் சொல்வதற்கும் நடந்ததற்கும் இடையில் ஒரு விரிசலையாவது எங்காவது திறந்து காட்ட வேண்டும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. டிலியோஸ் இல்லாத இடத்தில் நடப்பதும், ஸ்பார்ட்டாவின் மன்றத்தில் அரசியும் துரோகியும் மோதுவதும் ஒரே நிறத்தில், ஒரே நம்பிக்கையோடு வருகின்றன. போதாக்குறைக்கு, ஸ்னைடரே ஒரு பேட்டியில் சம்பவங்களைப் பொறுத்தவரை படம் 90 சதவீதம் உண்மையானது என்றார். கற்பனை என்ற கேடயத்தையும் உண்மை என்ற வாளையும் ஒரே நேரத்தில் ஏந்த முடியாது.

வரலாற்றாசிரியர்களும் ஒருமுகமாக இல்லை. விக்டர் டேவிஸ் ஹான்சன் படத்தையொட்டி வெளிவந்த நூலுக்கு முன்னுரை எழுதி ஆதரித்தார். வெற்றுடம்போடு போரிடும் வீரர்கள் கிரேக்கக் குவளை ஓவியங்களிலேயே உண்டு, மிகைப்படுத்திச் சொல்வது அந்தக் கலையின் மரபுதான் என்பது அவர் வாதம். தெர்மோபைலே பற்றித் தனி நூல் எழுதிய கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பால் கார்ட்லெட்ஜ், கிரேக்கப் பெயர்களின் உச்சரிப்பில் படக்குழுவுக்கு உதவியவர். ஸ்பார்ட்டாவின் வீரநெறியையும் பெண்களின் இடத்தையும் படம் பிடித்திருக்கிறது என்று பாராட்டினார். மேற்கு நல்லது, கிழக்கு கெட்டது என்ற பிரிவினையை அவரால் ஏற்க முடியவில்லை. டொரான்டோ பல்கலைக்கழகத்தின் எஃப்ரைம் லிட்டில் இன்னும் கடுமையாக, ஸ்பார்ட்டாவின் கொடுமைகளைத் துடைத்தெடுத்து அதை லட்சிய நாடாக்கிவிட்டார்கள் என்று எழுதினார்.

படத்தின் கூர்மையான வசனங்கள் பல பழைய நூல்களிலிருந்து வந்தவை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அம்புகள் சூரியனை மறைத்தால் நிழலில் போரிடுவோம் என்ற பதில் ஹெரோடோட்டஸில் டியனெகெஸ் என்ற வீரனுடையது. ஆயுதங்களை வந்து எடுத்துக்கொள் என்பது புளூட்டார்க் பதிந்தது. மாற்றப்பட்டவையும் கொஞ்சநஞ்சமில்லை. எஃபோர்கள் என்போர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து அதிகாரிகள். படத்தில் அவர்கள் மலைமேல் குடியிருக்கும் அழுகிய உடம்புக் கிழவர்கள். ஸ்பார்ட்டாவுக்கு எப்போதும் இரண்டு அரசர்கள், படத்தில் ஒருவர்தான். ஆர்டிமிசியக் கடலில் ஏதென்ஸ் கப்பல்கள் பாரசீகரைத் தடுத்து நிறுத்தாவிட்டால் கணவாயைக் காத்துப் பயனே இல்லை. ஏதென்ஸுக்குப் படத்தில் கிடைப்பதோ சிறுவர்களை நேசிப்பவர்கள் என்ற ஏளனம் மட்டும். அத்தகைய உறவுகள் ஸ்பார்ட்டாவின் பயிற்சி முறைக்குள்ளேயே இருந்தன என்பதற்குப் பழைய நூல்களில் சான்று உண்டு.

தூதர்களைக் கிணற்றில் தள்ளும் காட்சி படத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அது நடந்தது, ஆனால் செர்க்ஸீஸின் தந்தை டேரியஸ் காலத்தில். ஹெரோடோட்டஸ் மேலும் சொல்வதைக் கேளுங்கள். தூதரைக் கொன்ற பாவம் தங்களைத் தொடர்கிறது என்று ஸ்பார்ட்டர்கள் கலங்கினார்கள். அதற்கு ஈடாகத் தங்கள் உயிரைத் தர ஸ்பெர்தியாஸ், பூலிஸ் என்ற இருவர் தாமே முன்வந்து சூசாவுக்குப் போனார்கள். செர்க்ஸீஸ் அவர்களைக் கொல்ல மறுத்துவிட்டான். நீங்கள் செய்த தவறை நான் செய்யமாட்டேன், உங்களைப் பழியிலிருந்து விடுவிக்கவும் மாட்டேன் என்ற பொருளில் பதில் சொல்லித் திருப்பி அனுப்பினான். திரையரங்கே ஆர்ப்பரித்த காட்சியின் அசலில் ஸ்பார்ட்டர்களுக்கு வெட்கம் இருந்தது, பாரசீக அரசனுக்குப் பெருந்தன்மை இருந்தது.

இன்னொரு காட்சிக்கும் உலகெங்கும் கைதட்டல் விழுந்தது. வழியில் ஆர்கேடியா என்ற கிரேக்கப் பகுதியினர் வந்து சேர்கிறார்கள். இவ்வளவு குறைவான பேரையா கொண்டுவந்தீர்கள் என்று வியக்கிறார்கள். லியோனிடஸ் அவர்களில் சிலரைச் சுட்டி, உன் தொழில் என்ன என்று கேட்கிறார். குயவன், சிற்பி, கொல்லன் என்று பதில் வருகிறது. பிறகு தன் ஆட்களைக் கேட்கிறார். பதிலுக்கு முந்நூறு பேரும் ஈட்டியை உயர்த்தி முழங்குகிறார்கள். உங்களைவிட நான்தான் அதிக வீரர்களைக் கொண்டுவந்திருக்கிறேன் என்பது கருத்து. நல்ல நாடகம்தான். இந்த முந்நூறு பேருக்கும் ஏன் தொழில் இல்லை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இவர்களுக்காக ஹெலட்டுகள் உழுதார்கள், விதைத்தார்கள், விளைச்சலில் பங்கு அளந்தார்கள். மெசீனியாவிலும் லக்கோனியாவிலும் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்த மக்கள் அவர்கள். ஆண்டுதோறும் பதவியேற்கும் எஃபோர்கள் அவர்கள்மீது முறைப்படி போர் அறிவிப்பார்கள், ஹெலட்டைக் கொன்றவருக்குப் பழி சேராமல் இருப்பதற்காக. தெர்மோபைலேக்கு அடுத்த ஆண்டு நடந்த பிளாட்டியாப் போரில் 5,000 ஸ்பார்ட்டர்களுடன் 35,000 ஹெலட்டுகள் போனதாக ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார். தெர்மோபைலேயில் விழுந்த கிரேக்கர்களிலும் ஹெலட்டுகள் கிடந்தார்கள் என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். சுதந்திர மனிதர்கள் அடிமைகளை எதிர்த்து நின்றார்கள் என்று முழங்கும் படத்தில் ஹெலட் ஒருவர்கூட இல்லை.

தெஸ்பியர்களும் இல்லை. கடைசி நாளில் லியோனிடஸ் மற்றப் படைகளைத் திருப்பி அனுப்பியபோது, டெமோஃபிலஸ் தலைமையில் தெஸ்பியா ஊரைச் சேர்ந்த 700 பேர் போகமாட்டோம் என்று நின்று மடிந்தார்கள். பிழைப்புக்கு வேறு தொழில் வைத்திருந்த, ஸ்பார்ட்டப் பயிற்சி பெறாத ஒரு சிற்றூரின் ஆட்கள் அவர்கள். மில்லர் சிறுவயதில் பார்த்து மனம் பறிகொடுத்த, இதே போரைப் பற்றிய 1962-ஆம் ஆண்டுப் படத்தில் டெமோஃபிலஸ் ஒரு பாத்திரமாகவே வருகிறார். 2007-இல் அவரும் போய்விட்டார். நிஜத்தில் குயவனும் கொல்லனும் நின்று செத்தார்கள். படத்தில் அவர்கள் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். பாரசீகர்களை அரக்கர்களாக்கியதைவிட இது எனக்கு ஆறாத குறை. கிரீஸில் கூட்டம் கூட்டமாக மக்கள் இந்தப் படத்தைப் பார்த்தார்கள். அதே கிரீஸில், தெர்மோபைலேயில் 1955-இல் வைத்த லியோனிடஸ் சிலைக்கு அருகே 1997-இல் தெஸ்பியர்களுக்கும் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டிருந்தது.

எஃபியால்டிஸ் பாத்திரத்தைப் பார்த்து மனம் கசந்தவர்கள் உண்டு. பாரசீகருக்கு மலைப்பாதையைக் காட்டிக்கொடுத்த டிராகிஸ் ஊர்க்காரன் அவன். அவனுக்கு உடற்குறை இருந்ததாக ஹெரோடோட்டஸ் எங்கும் சொல்லவில்லை. கூனல் முதுகு மில்லர் கொடுத்தது. படத்தின் தொடக்கத்திலேயே பிறந்த குழந்தையைக் குறை இருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கிறார்கள், கீழே மண்டையோடுகள் கிடக்கின்றன. குறையோடு பிறந்த பிள்ளையை ஒளித்து வளர்த்த பெற்றோரின் மகன்தான் கடைசியில் துரோகியாகிறான். இரண்டையும் சேர்த்தால் கிடைக்கிற நீதி பயங்கரமானது. இதை அன்று பேசியவர்கள் குறைவு, இன்று கூடியிருக்கிறார்கள். லீனா ஹெடி நடித்த அரசி கோர்கோவைப் பெண் பார்வையாளர்கள் பலர் மனதார ஏற்றார்கள். ஹெரோடோட்டஸின் கோர்கோவோ இன்னும் கெட்டிக்காரி. வெறுமையாகத் தெரிந்த மரப்பலகையின் மெழுகுக்கு அடியில் ரகசியச் செய்தி இருக்கும் என்று கண்டுபிடித்தவள் அவள்தான்.

அரசியல் வாசிப்புகளில் விநோதமானது தத்துவவாதி ஸ்லாவோய் ஷிஷெக்குடையது. ஈராக் போரின் நடுவே வந்த படம் என்பதால் லியோனிடஸை அமெரிக்காவாகவும் செர்க்ஸீஸை ஈரானாகவும் பெரும்பாலோர் படித்தார்கள். புஷ் யார், லியோனிடஸா செர்க்ஸீஸா என்று ஒரு நிருபர் ஸ்னைடரைக் கேட்டதாகவும் செய்தி வந்தது. ஷிஷெக் திருப்பிப் போட்டார். நவீனப் படைக்கருவிகளோடு பல நாட்டுப் படைகளைத் திரட்டி ஓர் ஏழைச் சிறுநாட்டுக்குள் நுழையும் வல்லரசு இங்கே எது என்று கேட்டார். கேள்வி கூர்மையானது. ஆனால் அது பார்வையாளர் படத்துக்குள் கொண்டுபோனது. படம் தானாக அந்தக் கதவைத் திறக்கவில்லை.

பிறகு படம் திரையைவிட்டு இறங்கியது. நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்த மார்க் ட்வைட்டின் 300 அசைவு உடற்பயிற்சி, ஜிம்களில் பரவியது. கிணற்றுக் காட்சி நையாண்டிகளுக்குக் கச்சாப்பொருளானது. இவை தீங்கற்றவை. ஐரோப்பாவில் குடியேறிகளை எதிர்க்கும் இளைஞர் இயக்கம் ஒன்று, ஸ்பார்ட்டர் கேடயத்தில் இருந்த லாம்டா என்ற கிரேக்க எழுத்தைத் தன் சின்னமாக எடுத்துக்கொண்டது. கிரீஸின் தீவிர வலதுசாரி ‘பொன் விடியல்’ கட்சி தெர்மோபைலே சிலையடியில் கூட்டங்கள் நடத்தியது. 2020 அக்டோபரில் ஏதென்ஸ் நீதிமன்றம் அந்தக் கட்சியின் தலைமையைக் குற்றக்கும்பல் நடத்தியதாகத் தீர்ப்பளித்துத் தண்டித்தது. ஸ்னைடர் இவர்களுக்காகப் படம் எடுக்கவில்லை, இவர்கள் ஸ்பார்ட்டாவைக் கொண்டாடுவது படத்துக்கு முன்பே தொடங்கியது. ஆனாலும் இவர்களுக்குத் தொந்தரவு தரும் ஒரே ஒரு காட்சியைக்கூடப் படம் வைத்திருக்கவில்லை. 2014-இல் நோம் முர்ரோ இயக்கத்தில் வந்த அடுத்த பாகம் கடற்போரைக் கொண்டுவந்து ஏதென்ஸுக்கு ஓரளவு நியாயம் செய்தது. ஈவா கிரீனின் ஆர்டிமிசியாவைத் தவிர அதில் பேச அதிகம் இல்லை.

டிலியோஸுக்கு ஒரு முன்மாதிரி உண்டு. கண்நோய் கண்ட இருவரை லியோனிடஸ் முகாமிலிருந்து அனுப்பிவைத்திருந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அவர்களில் யூரிட்டஸ் தன்னைப் போர்க்களத்துக்குக் கூட்டிப் போகும்படி தன் ஹெலட்டிடம் சொல்லிப் போய் இறந்தான். அரிஸ்டோடெமஸ் ஊர் திரும்பினான். ஸ்பார்ட்டாவில் அவனுக்கு அடுப்புக்கு நெருப்பு தரவும் ஆளில்லை, ஒருவரும் அவனோடு பேசவில்லை, கோழை என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டு பிளாட்டியாவில் அவன் அணியைவிட்டுப் பாய்ந்து போரிட்டு மாண்டான். அங்கே எல்லாரையும்விடத் துணிவாகப் போரிட்டவன் அவன்தான் என்பது ஹெரோடோட்டஸின் கருத்து. சாக விரும்பிப் பாய்ந்ததால் ஸ்பார்ட்டர்கள் அவனுக்கு மரியாதை தர மறுத்தார்கள். இந்த மனிதனைத்தான் ஒற்றைக் கண்ணோடு புகழ்பாடும் கதைசொல்லியாக, படைத்தலைவனாக மாற்றினார்கள். அதே ஒளியோடும் அதே சிவப்போடும் அதே நீண்ட காட்சிகளோடும் அரிஸ்டோடெமஸ் வாயால் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால், பெர்லினில் எழுந்து போனவர்களும் கைதட்டியவர்களும் ஒரே படத்தைப் பற்றி வாதாடியிருப்பார்கள்.